சிங்கப்பூரில் சிப்ஸும் சால்சாவும் எங்கே நன்றாக இருக்கும்?

மெக்சிகன் உணவகத்துக்குப் போனால் டாக்கோ வரும்வரை காத்திருந்து நான் தீர்ப்புச் சொல்வதில்லை. முதலில் வரும் சிப்ஸ் தட்டிலேயே அந்த அடுக்களையின் லட்சணம் தெரிந்துவிடும். சோள சிப்ஸ், பக்கத்தில் தொட்டுக்கொள்ள ஒரு கிண்ணம் சால்சா, அதாவது தக்காளியும் மிளகாயும் சேர்ந்த கலவை. அவ்வளவுதான். இறைச்சி கிடையாது, சீஸ் கிடையாது, குறையை மூடி மறைக்க வேறு எதுவும் கிடையாது. எண்ணெய் பழசா, தக்காளி எப்படிப்பட்டது, வெங்காயம் எப்போது நறுக்கியது, சமைப்பவருக்கு உப்புக் கை உண்டா என்ற கேள்விகளுக்கெல்லாம் இரண்டாவது வாயிலேயே பதில் வந்துவிடும்.

இந்தப் பழக்கத்தை எனக்கு ஏற்படுத்தியவர் பெரியம்மா மகள். அக்கா டெக்சாஸில் சான் அன்டோனியோவில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே உட்கார்ந்த உடனே, மெனு அட்டையைத் திறப்பதற்கு முன்பே, கூடை நிறைய சிப்ஸும் சால்சாவும் மேசைக்கு வந்துவிடும். காசு கிடையாது. தீரத் தீர வந்துகொண்டே இருக்கும். அது டெக்சாஸ் பக்கத்து மெக்சிகன் கடைகளின் வழக்கம். மெக்சிகோவில் எல்லா ஊரிலும் அப்படி இல்லை. சிங்கப்பூருக்குத் திரும்பி வந்ததிலிருந்து அக்காவுக்கு ஒரே ஏக்கம்: "இங்க எல்லாம் கிடைக்குது, அந்தக் கூடை மட்டும் கிடைக்கல." அந்தக் கூடைக்காகத்தான் நாங்கள் இருவரும் கடை கடையாக ஏற ஆரம்பித்தோம். கொஞ்ச நாளில் பெரியம்மாவும் சேர்ந்துகொண்டார். அதன்பிறகுதான் எங்கள் தேர்வே கறாரானது.

முதலில் சிப்ஸைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே பெரும்பாலான கடைகள் கோட்டை விடுவது அதில்தான்.

மக்காச்சோளத்தை அப்படியே அரைத்து மாவாக்கினால், சிப்ஸுக்கு வெட்டிப் பொரிக்கும் டோர்ட்டியா என்ற மெல்லிய ரொட்டி வராது. மாவு ஒட்டாமல் உதிர்ந்து போகும். சோளத்தைச் சுண்ணாம்பு கரைத்த தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட வேண்டும். நாம் வெற்றிலையில் தடவுகிறோமே, அதே சுண்ணாம்புதான். மறுநாள் கழுவும்போது தோல் வழுக்கிக்கொண்டு கழன்றுவிடும். அந்தச் சோளத்தை அரைத்தால்தான் உருட்டித் தட்ட வரும் மாவு கிடைக்கும். மெக்சிகோவிலும் அதைச் சுற்றியுள்ள நாடுகளிலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இப்படித்தான் செய்கிறார்கள். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. சோளத்துக்குள் உடம்புக்குக் கிடைக்காதபடி பூட்டிக் கிடக்கும் நியாசின் என்ற வைட்டமின் சுண்ணாம்பு பட்டால் விடுபடுகிறது. ஐரோப்பியர்கள் சோளத்தை மட்டும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள், சுண்ணாம்பு வித்தையை விட்டுவிட்டார்கள். வட இத்தாலியிலும், பிற்பாடு அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும், சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குப் பெல்லாக்ரா நோய் வந்து தோல் வெடித்தது, புத்தி பேதலித்தது, உயிரும் போனது. ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பில் அவ்வளவு விஷயம் இருக்கிறது.

சுண்ணாம்பில் வெந்த சோளத்துக்கென்று ஒரு தனி வாசமும் உண்டு. ஒருமுறை அந்த வாசம் மூக்கில் ஏறிவிட்டால், அது இல்லாத சிப்ஸை உடனே கண்டுபிடித்துவிடலாம். நல்ல சிப்ஸை உடைத்து மூக்கருகே கொண்டுபோனால் முதலில் வருவது அந்த வாசம்தான். எண்ணெய் வாசம் அதற்கப்புறம்தான் வரவேண்டும். எண்ணெய் முந்திக்கொண்டால் அந்தத் தட்டை நம்பாதீர்கள்.

மிஞ்சிய டோர்ட்டியாவை வீணாக்காமல் பொரித்துத் தின்பது மெக்சிகோவில் பழைய வழக்கம். அதை அமெரிக்காவில் விற்பனைப் பண்டமாக்கியவர்களில் ரெபேக்கா வெப் கரான்சாவின் பெயரைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1940களின் பிற்பகுதியில் லாஸ் ஏஞ்சலஸில் குடும்பத்தோடு டோர்ட்டியாத் தொழிற்சாலை நடத்தியவர். இயந்திரத்திலிருந்து கோணல்மாணலாக வந்து விழுந்தவற்றைத் தூக்கிப் போட மனமில்லாமல் முக்கோணமாக வெட்டிப் பொரித்து விற்றார். அதே காலகட்டத்தில், 1947இல், சான் அன்டோனியோவில் டேவிட் பேஸ் என்பவர் புட்டியில் அடைத்த சால்சாவை விற்கத் தொடங்கினார். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்கர்கள் கெட்சப்பைவிடச் சால்சாவுக்கு அதிகப் பணம் செலவழிக்கிறார்கள் என்று செய்தி வந்தது. இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது, நம் ஊர்க் கடைகளில் ஏன் பையும் புட்டியும் இவ்வளவு சுலபமாக நுழைந்துவிட்டன என்று யோசித்தபோதுதான். தொழிற்சாலைச் சரக்காக உலகம் சுற்றி இங்கே வந்து சேர்ந்த பண்டம் அது. பையைப் பிரித்துத் தட்டில் கொட்டினால் வேலை முடிந்தது.

ஆனால் பைச் சரக்குக்கு இந்த ஊரில் ஒரு எதிரி உண்டு. நம் காற்று. சிங்கப்பூரின் காற்றில் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாகவே 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டிவிடும். நன்றாகப் பொரித்த சிப்ஸில் தண்ணீர் அநேகமாக இருக்காது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். காலையில் பிரித்த பை மாலைக்குள் நமுத்துவிடும். அடுப்பில் திரும்ப வாட்டிக் கொடுக்கிறார்கள் சிலர். கொஞ்சம் மொறுமொறுப்பு திரும்பும், ஆனால் எண்ணெய்ச் சிக்கு வாடை போகாது. ஆகவே சிங்கப்பூரில் நல்ல சிப்ஸுக்கு ஒரே வழி, கடைக்குள்ளேயே அன்றன்றைக்குப் பொரிப்பது. முடிந்தால் அந்தந்த வேளைக்கு. ஆற்றங்கரையில் திறந்த வெளியில் உட்காருவது அழகுதான். ஆனால் சிப்ஸ் சாப்பிடப் போகிறீர்கள் என்றால் உள்ளே, குளிர்சாதனக் காற்றில் உட்காருங்கள். வெளியே பாதித் தட்டைத் தாண்டும்போதே கடைசிச் சிப்ஸுகள் வளைய ஆரம்பித்துவிடும்.

கடையில் பொரித்ததா, பைச் சரக்கா என்று கேட்க வேண்டியதே இல்லை, தட்டைப் பார்த்தாலே போதும். வட்ட டோர்ட்டியாவை நாலாகவோ ஆறாகவோ வெட்டிப் பொரித்திருந்தால் ஒவ்வொரு துண்டிலும் ஒரு ஓரம் வளைந்திருக்கும். மேலே சின்னச் சின்னக் கொப்புளங்கள் எழும்பியிருக்கும். ஒன்று கொஞ்சம் சிவந்து, ஒன்று வெளிறி, ஒன்று மடங்கி இருக்கும். உப்பு ஒட்டியிருக்கும், ஏனென்றால் எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டோடு தூவியிருப்பார்கள். எல்லாத் துண்டும் ஒரே அளவில், ஒரே நிறத்தில், உப்பு தட்டின் அடியில் உதிர்ந்து கிடந்தால் அது பை.

இப்போது சால்சாவுக்கு வருகிறேன். இதில் எனக்கு ஒரு திடமான கருத்து உண்டு, நண்பர்கள் சிலர் ஒத்துக்கொள்வதில்லை. சிங்கப்பூரில் பச்சைத் தக்காளிச் சால்சாவைத் தவிர்த்துவிட்டு, சுட்ட தக்காளிச் சால்சாவைத்தான் கேட்டு வாங்க வேண்டும். பச்சை என்று நான் சொல்வது வேகவைக்காத, பொடியாக நறுக்கிய பிகோ தே காயோவை. தக்காளி, வெங்காயம், கொத்தமல்லி, மிளகாய், எலுமிச்சை. மெக்சிகோவில், கொடியிலேயே பழுத்த தக்காளியில் அது பிரமாதமாக இருக்கும். நம் நிலைமை வேறு. நாம் சாப்பிடுவதில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. தக்காளி நிறைய வருவது மலேசியாவின் கேமரன் மலையிலிருந்து. மற்றவை இன்னும் தூரத்திலிருந்து. வழியெல்லாம் குளிரூட்டிய லாரி, குளிரூட்டிய கிடங்கு, பிறகு கடையின் குளிர்பெட்டி. 12 டிகிரிக்குக் கீழே சில நாள் கிடந்தால் தக்காளியின் வாசனைப் பொருள்கள் உருவாவதே குறைந்துவிடும். வெளியே எடுத்து வைத்தாலும் இழந்தது முழுதாகத் திரும்பி வராது. நிறம் இருக்கும், சாறு இருக்கும், தக்காளி வாசம் இருக்காது. அதை நறுக்கிப் போட்டால் பார்க்க அழகான, வாயில் வெறும் ஈரமான ஒரு கிண்ணம்தான் மிஞ்சும்.

சுட்டால் கதை மாறும். தடித்த இரும்புக் கல்லில் எண்ணெய் விடாமல் தக்காளியைப் புரட்டிப் புரட்டித் தோல் கருகும்வரை விட வேண்டும். தண்ணீர் வற்றும், இனிப்பும் புளிப்பும் இறுகும், கருகிய தோலிலிருந்து புகைவாசம் ஏறும். பக்கத்திலேயே தோலோடு பூண்டு, பாதியாக வெட்டிய வெங்காயம், மிளகாய். குளிர்பெட்டி கெடுத்ததை நெருப்பு ஓரளவு சரிசெய்துவிடுகிறது. காய்ந்த மிளகாய்க்கும் தூரப் பயணம் ஒரு பொருட்டில்லை. ஆர்போல், குவாஹியோ என்ற மெக்சிகன் மிளகாய்கள் கப்பலில் எத்தனை வாரம் கிடந்தாலும் வாசம் மாறாமல் வந்து சேரும். அதனால்தான் இந்த ஊரில் சிவப்புச் சால்சா நம்பகமானது.

சுட்ட சால்சாவிலும் கண்ணால் பார்த்தே பாதி தெரிந்துவிடும். ஆழ்ந்த சிவப்பில் கருப்புப் புள்ளிகள் இருக்க வேண்டும். மிக்சியை நீளமாக ஓடவிட்டால் காற்று ஏறி, நிறம் வெளுத்து, நுரைத்த ஆரஞ்சு ஆகிவிடும். மெக்சிகோவில் மொல்காஹேட்டே என்று எரிமலைக் கல்லில் செய்த மூன்று கால் உரல் வைத்திருக்கிறார்கள். அதில் நசுக்கினால் ஒரு துண்டு பெரிதாகவும் ஒரு துண்டு விழுதாகவும் வரும். மிக்சியையே நிறுத்தி நிறுத்தி இரண்டு தட்டுத் தட்டினாலும் கிட்டத்தட்ட அதே பதம் கிடைக்கும். அந்தப் பொறுமை இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

தோ பாயோவில் இருக்கும் பெரியம்மா வீட்டில் இன்றும் துவையல் இல்லாத நாள் கிடையாது. சால்சாவை அவர் ஒரு வெளிநாட்டுப் பண்டமாகப் பார்க்கவே இல்லை. அவரைப் பொறுத்தவரை அது அரைத்த நேரத்தை வைத்து மதிப்பிட வேண்டிய ஒரு துவையல். யோசித்தால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தக்காளியும் மிளகாயும் அந்த மண்ணிலிருந்து கிளம்பியவை. 16ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவில் வாழ்ந்த பெர்னார்தினோ தே சாஹகுன் என்ற ஸ்பானியப் பாதிரியார், சந்தையில் மிளகாயும் தக்காளியும் சேர்த்து அரைத்த கலவைகளை விற்றவர்களைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். அதே நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் மிளகாயை நம் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அதன்பிறகு நாமும் அரைக்க ஆரம்பித்தோம்.

ஒரு வியாழன் மாலை பெரியம்மாவைத் தஞ்சோங் பகார் பக்கம் ஒரு சின்னக் கடைக்கு அழைத்துப் போனோம். சிப்ஸ் வந்தது. அவர் சிப்ஸைத் தொடவில்லை. கரண்டி நுனியில் சால்சாவை எடுத்து, முதலில் முகர்ந்து, நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்.

"தக்காளியச் சுட்டிருக்கான். தோல உரிக்கல. நல்லது," என்றார்.

அப்புறம் இன்னொரு கரண்டி. "பூண்டையும் சுட்டிருக்கான். வெங்காயம் மட்டும் பச்சையா கடைசியில போட்டது. கடிபடுது பாரு."

தண்ணீர் ஊற்ற வந்த மலாய்ப் பையனை நிறுத்திக் கேட்டார்: "ஆடிக், இனி ஹாரி கிலிங் கா?" தம்பி, இன்றைக்கு அரைத்ததா என்று. பழைய சிங்கப்பூர் ஆட்களுக்கு இந்த மாதிரிக் கேள்வி மலாயில்தான் வரும். அந்தப் பையன் முகமெல்லாம் சிரிப்பாக, "பாகி தாடி, மக்சிக்," என்றான். காலையில்தான் அரைத்தோம் அம்மா என்று. பெரியம்மா தலையாட்டிவிட்டு அதன்பிறகுதான் முதல் சிப்ஸைக் கையில் எடுத்தார். பிறகு தட்டு காலியாகும்வரை பேச்சே இல்லை. போகும்போது கல்லாவில் நின்ற பெண்ணிடம், உப்பை அரைக்கும்போதே இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிவிட்டு வந்தார். அவர் சொன்னது சரி. அந்தச் சால்சாவில் குறை என்று ஒன்று இருந்தால் அது மட்டும்தான்.

அந்தக் கடைதான் என் முதலிடம். பெயரைப் போடவில்லை. கவுண்டரைச் சுற்றி ஒரு வரிசை நாற்காலி, சுவரோரம் நாலைந்து மேசை, அவ்வளவுதான் இடம். வெள்ளி, சனிக்கிழமைகளில் ஏற்கெனவே வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. அடுக்களை உட்காருமிடத்திலிருந்தே தெரியும். சோள டோர்ட்டியாவை முதல் நாளே சுட்டு லேசாகக் காயவிட்டு, மறுநாள் வெட்டிப் பொரிக்கிறார்கள். புது டோர்ட்டியாவைப் பொரித்தால் ஈரம் அதிகமாக இருப்பதால் எண்ணெய் குடித்துவிடும். ஒரு நாள் காய்ந்தது கச்சிதமாக வரும். எண்ணெயில் போட்டதும் சடசடவென்று நுரை எழும், ஈரம் போகப் போக நுரை அடங்கும், சத்தம் குறையும். அந்தச் சத்தம் நிற்கும் நேரத்துக்கு அரிகரண்டியை விட்டுத் தூக்குகிறார் சமைக்கும் பெண். கடிகாரம் பார்ப்பதில்லை. தூக்கிய சூட்டோடு அகலமான எவர்சில்வர் பேசினில் கொட்டி, உப்பைத் தூவி, ஒரு குலுக்கு. தட்டுக்கு வரும்போது விரல் நுனி சுடும்.

மற்ற இடங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமில்லை. குஸ்மான் ஈ கோமஸ் 2006இல் சிட்னியில் தொடங்கிய நிறுவனம், அலுவலகப் பக்கத்துக் கடைத்தொகுதிகளில் கிடைக்கிறது. மதிய உணவு நேரத்தில் புரீட்டோவோடு ஒரு சின்னச் சிப்ஸ் வாங்கினால் வயிறும் மனமும் நிறையும். அதற்கு மேல் அங்கே எதிர்பார்க்க வேண்டாம். ராபர்ட்சன் கீயில் சூப்பர் லோகோ ஆற்றைப் பார்த்தபடி இருக்கிறது. கூட்டமாகப் போய்ப் பேசிக்கொண்டிருக்க நல்ல இடம். உள்ளே உட்காருவது பற்றி நான் மேலே சொன்னதை அங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பீச் ரோடும் ஹாஜி லேனும் சந்திக்கும் முனையில், சுவர் முழுக்க ஓவியம் தீட்டிய பியெத்ரா நெக்ராவை அந்த வழியாக நடந்த யாரும் தவறவிட்டிருக்க முடியாது. மேசைக்கே வந்து கண்ணெதிரே அவக்காடோவைக் குவாகமோலேயாகப் பிசைந்து கொடுப்பதற்குப் பேர்போன கடை அது. சால்சாவைவிட அவக்காடோவுக்காகச் சிப்ஸ் சாப்பிடுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கண் முன்னால் செய்வதில் ஏமாற்ற வழியில்லை, ஆறவும் நேரமில்லை. மெக்சிகோவின் வடக்கு எல்லையில் பியெத்ராஸ் நெக்ராஸ் என்று ஒரு ஊர் உண்டு. 1940களின் தொடக்கத்தில் இக்னாசியோ அனாயா என்ற உணவக மேலாளர், சமையல்காரர் இல்லாத நேரத்தில் வந்துவிட்ட அமெரிக்கப் பெண்களுக்காக, இருந்த டோர்ட்டியாத் துண்டுகளின் மேல் சீஸும் ஹலபேனோ மிளகாயும் வைத்துச் சூடாக்கிக் கொடுத்தார். நாச்சோ என்பது அவருடைய செல்லப் பெயர், அதுவே அந்தப் பண்டத்துக்கும் பெயரானது. அந்தக் கதையை அக்கா ஒவ்வொரு முறையும் அந்த முனையில் நின்று சொல்வார், நானும் ஒவ்வொரு முறையும் கேட்பேன்.

ஏமாற்றங்களும் உண்டு. ஆர்ச்சர்ட் பக்கம் ஒரு பெரிய கடைத்தொகுதியில், விளக்கு அலங்காரமும் இசையுமாக இருந்த ஒரு இடத்தில் சிப்ஸ் நமுத்து வந்தது. சால்சா புட்டியிலிருந்து வந்தது என்பதற்கு அதன் காடிப் புளிப்பும் சர்க்கரை இனிப்புமே சாட்சி. அலமாரியில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கப் புளிப்பு ஏற்றித்தான் ஆக வேண்டும், அது புட்டியின் குற்றமில்லை. ஆனால் உணவகத்தில் உட்கார்ந்து உணவக விலை கொடுப்பவருக்கு அதை ஊற்றிக் கொடுக்கக் கூடாது. மாற்றித் தரச் சொன்னோம்; அதே பையிலிருந்து இன்னொரு தட்டு வந்தது.

விலையைப் பற்றிப் பேசாமல் விடமுடியாது. மெனுவில் சிப்ஸும் சால்சாவும் 10 வெள்ளி என்று போட்டிருந்தால், 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதன்மேல் 9 விழுக்காடு பொருள், சேவை வரி எல்லாம் சேர்ந்து 11 வெள்ளி 99 காசு ஆகிறது. கடை வாடகை, ஆள் சம்பளம், கப்பலேறி வரும் சாமான் எல்லாம் தெரியும். ஊறுகாய், வேர்க்கடலைக்கும் ஈரத்தாளுக்கும்கூடக் காசு போடும் உணவகங்கள் உள்ள ஊர் இது. விலை வாங்கட்டும். ஆனால் சால்சா தீர்ந்தால் இன்னொரு கிண்ணம் கேட்காமலே வர வேண்டும் என்பது என் கட்சி. சிராங்கூன் சாலையில் தோசை சாப்பிட உட்கார்ந்தால், சட்னி வாளியோடு ஒருவர் மேசை மேசையாகச் சுற்றி வருகிறார். தோசைக்கு முன்னால் சட்னி தீர்ந்துவிட்டதே என்று யாரும் அங்கே கவலைப்பட்டதில்லை. சிப்ஸ் பாதி மிச்சமிருக்கும்போது கிண்ணம் வழித்துக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே பணியாளர் தாண்டிப் போனால், அந்தக் கடைக்காரருக்குத் தான் விற்கும் பண்டம் என்னவென்றே புரியவில்லை என்றுதான் அர்த்தம். தஞ்சோங் பகார் கடையில் இரண்டாவது கிண்ணம் தானாக வந்தது. அக்கா அன்றைக்குத்தான் சான் அன்டோனியோவைப் பற்றிப் பேசாமல் சாப்பிட்டார்.

நம்மவர்களிடம் ஒரு வேண்டுகோள். சால்சா வந்ததும் "காரமே இல்லையே" என்று சொல்லி, நறுக்கிய சிலி பாடி என்ற குட்டி மிளகாயைக் கேட்காதீர்கள். ஹலபேனோவின் காரம் ஸ்கோவில் அளவில் 2,500இலிருந்து 8,000 வரை; செரானோ 10,000இலிருந்து 23,000 வரை. நம் சிலி பாடி 50,000இல் தொடங்கி 1,00,000 வரை போகும். அதைப் போட்டால் சுட்ட தக்காளி, பூண்டு, மிளகாயின் சொந்த வாசம் எல்லாம் அமுங்கிவிடும். சிப்போட்லே என்பது புகையில் காயவைத்த ஹலபேனோ. அதில் தேட வேண்டியது புகையை. ஆர்போலில் ஒரு வறுத்த கடலை வாசம் உண்டு. கூடை முழுவதும் விடாமல் சாப்பிடுகிற அளவுக்குத்தான் சால்சாவின் காரம் இருக்க வேண்டும். அதற்குத்தான் அதை அப்படி அரைக்கிறார்கள். காரம் கட்டாயம் வேண்டுமென்றால், சால்சா மாச்சா இருக்கிறதா என்று கேளுங்கள். வெராகுரூஸ் பக்கத்தது. காய்ந்த மிளகாயும் கடலையும் பூண்டும் எண்ணெயில் பொரித்து அரைத்தது. நம் நாக்குக்கு உடனே பிடித்துப்போகும்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிப்ஸும் சால்சாவும் பார்த்தால் சுத்த சைவம். ஆனால் சின்னக் கடைகளில் பொரிக்கும் எண்ணெய்ச் சட்டி ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதே எண்ணெயில் மீனும் கோழியும் விழுந்திருக்கலாம். பெரியம்மா வெள்ளிக்கிழமை விரதக்காரர் என்பதால் நாங்கள் வியாழனில் போகிறோம். ஹலால் பார்ப்பவர்கள் முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) சான்றிதழ் வாசலில் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். மதுக்கூடமும் சேர்ந்த கடைகளில் அது இருக்காது. வீட்டுக்குக் கட்டி எடுத்துப் போவதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். சூட்டோடு மூடிய பெட்டியில் ஆவி அடைந்து, வீடு போவதற்குள் சிப்ஸ் துவண்டுவிடும். டோர்ட்டியாவை மட்டும் வாங்கிப் போய் வீட்டில் பொரித்துக்கொள்ளலாம்.

இன்னும் எனக்குத் திருப்தியாகக் கிடைக்காதது பச்சை நிறச் சால்சா. அதற்குத் தக்காளி ஆகாது, தொமாத்தியோ வேண்டும். மெல்லிய காகித உறைக்குள் இருக்கும் பச்சைக் காய். நம் ஊர் வேலியோரத்துச் சொடக்குத் தக்காளியின் பெரிய உறவுக்காரர், இரண்டும் ஒரே பேரினம். இங்கே நான் சாப்பிட்ட பச்சைச் சால்சாக்கள் பெரும்பாலும் டின்னில் அடைத்த தொமாத்தியோவில் அரைத்தவை. டின்னில் அடைக்கும்போதே வெந்துவிடுவதால் அந்தப் பச்சைப் புளிப்பு பாதி போய்விடுகிறது. தஞ்சோங் பகார் கடைப் பெண்ணிடம் கேட்டேன். புதிய காய் விமானத்தில் வந்தால் ஒரு கிண்ணத்தின் விலையை யாரும் கொடுக்க மாட்டார்கள் என்றார்.

பெரியம்மா புளோக்குக் கீழே அக்கம்பக்கத்தார் சேர்ந்து பார்த்துக்கொள்ளும் சமூகத் தோட்டம் ஒன்று இருக்கிறது. பண்டான், கறிவேப்பிலை, வெண்டை, சீன மாமா ஒருவரின் கீரைக்குப் பக்கத்தில் பெரியம்மாவுக்கும் ஒரு பாத்தி உண்டு. அக்கா தொமாத்தியோ விதை வாங்கி வைத்திருக்கிறார். அந்தச் செடி தன் மகரந்தத்தில் தானே காய்க்காது, ஆகவே பக்கத்தில் பக்கத்தில் குறைந்தது இரண்டு செடி வேண்டும் என்று படித்தோம். பெரியம்மா நான்கு வைக்கச் சொல்கிறார், மழையில் இரண்டு அழுகிப் போகும் என்பது அவர் கணக்கு. இந்த ஈரக் காற்றில் யாராவது ஏற்கெனவே வளர்த்துக் காய் பறித்திருந்தால், எந்த மாதத்தில் விதைத்தீர்கள், மழைக்கு மேலே எதைக் கட்டினீர்கள் என்று எழுதுங்கள்.